சீரங்கன் வெங்காயம்

சீரங்கனைப் புதைத்த குழியின் ஈரம் காய்வதற்குள் ஊசிக்கரட்டில் அவன் சிரிப்பு வீடு வீடாகக் கேட்கத் தொடங்கிவிட்டது. முதலில் கேட்டது டீக்கடை ரத்தினத்தின் வீட்டில். அவன் பெண்டாட்டி கஸ்தூரி குழம்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர் வரவேண்டிய நேரத்தில் தொண்டையில் ஏதோ கரகரக்க, செல்ஃப் எடுக்காத வண்டிபோல விட்டுவிட்டு இருமி, பிறகு பிடித்துக்கொண்டு, ஆண்குரலில், வாய் நிறைய, தெருவே திரும்பிப் பார்க்கும்படி சீரங்கனின் சிரிப்பைச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினாள். மறுநாள் மேலத்தெருவில் ஒரு வீட்டில் கேட்டது; அதற்கடுத்து ஊர்த்தலைவர் பெரியண்ணன் வீட்டுச் சமையல்கட்டில் கேட்டது.

வெங்காயத்திலிருந்து சிரிப்பு எப்படி வரும் என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கரட்டு மேல் இருக்கிற சுனையில் ஆடியில் பால் வரும் என்றும், ஏரி மதகுக்குள் ஒரு கன்னி இன்னும் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள் என்றும் நம்புகிற ஊர் அது. அவர்கள் பயந்ததெல்லாம் வேறொரு கேள்விக்கு: அந்த வெங்காயம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது?

சீரங்கன் பாதி வருசம் விவசாயி, மீதி வருசம் டிரைவர். வெங்காயம் மண்ணுக்குள் இருக்கிறவரை அவனும் மண்ணில் கிடப்பான். காயைப் பிடுங்கி வெங்காயத்தாளை அறுத்ததும் டெம்போவில் ஏறிவிடுவான். இரண்டு வேலையிலும் அவனுக்கு விளையாட்டுத்தான். ஒரு வருசம் தன் காட்டுச் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் பேண்ட் சட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கக்கத்தில் ஒரு ஃபைலைச் செருகி, வரப்போரம் நிறுத்திவைத்தான். மானிய விசயமாக அந்தப் பக்கம் போன பெரியண்ணன், புதிதாக வந்த விவசாய ஆபீசர் என்று நினைத்து அதற்குக் கும்பிடு போட்டுக் குடும்ப நலம் விசாரித்தார். கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறினால், பழைய இரும்புக் கடையில் வாங்கிச் சீட்டுக்கடியில் வைத்திருக்கும் இன்னொரு ஸ்டியரிங்கைப் பாதி மலையில் எடுத்து, "மாப்ளே, கையோட வந்துருச்சு, சித்த நேரம் நீங்க ஓட்டுங்க" என்று பக்கத்தில் இருப்பவர் மடியில் வைப்பான். வண்டி முழுக்கக் கோவிந்தா போடும். பெரியாஸ்பத்திரியிலிருந்து பிணம் கொண்டுவருவதும் அவன்தான். வழியெல்லாம் பிணத்தோடு பேசிக்கொண்டே வருவான். "பெருசு, இந்தப் பள்ளத்தை மூடச் சொல்லித்தானே மனுக் குடுத்த? பாரு, நீ போயிட்ட, பள்ளம் அப்படியேதான் இருக்குது." பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்களும் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு காலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. ஏரிக்கரை வளைவில் மழை அரித்துவைத்திருந்த ஓரம் சரிந்து டெம்போ ஒருக்களித்து விழுந்தது. மூட்டைகள் வெடித்து ரோடு முழுக்க வெங்காயம் உருண்டது. விலை ஏறிப்போய் வெங்காயத்தை எலுமிச்சம்பழம்போல எண்ணி வாங்கிக்கொண்டிருந்த வருசம் அது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஊர் முதலில் சீரங்கனைத்தான் பார்த்தது, அதில் பொய்யில்லை. இடுப்புக்குக் கீழே வண்டிக்கடியிலும் இடுப்புக்கு மேலே வெளியிலுமாகக் கிடந்த சீரங்கன் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆம்புலன்ஸுக்கு இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு குனிந்தார்கள். குனிந்தவர்கள் நிமிரவில்லை. மடி, முந்தானை, துண்டு, லுங்கி, பால் கேன், ஹெல்மெட் என்று கையில் இருந்தது எல்லாவற்றிலும் அள்ளினார்கள். சீரங்கன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அவன் பெண்டாட்டி தவமணி அப்போது காட்டில் மிச்சக் காய்க்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிட, அரிவாளோடு ஓடிவந்தாள். எதிரே வந்த பெண்கள் மடி கனத்து, நிறைமாசக்காரிகள்போல இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யோ தவமணி, ஓடு, சீக்கிரம் ஓடு" என்று அழுதபடி ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. ரோட்டில் ஒரு வெங்காயம் இல்லை. கிழிந்த சாக்குகளைக்கூட யாரோ உதறி மடித்து எடுத்துப் போயிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுத ஒவ்வொருத்தியின் விரலிலும் பச்சை வெங்காய வாடை அடித்தது. தவமணி அழுவதை நிறுத்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். அன்றைக்குத் தொண்டையில் ஏறிய குமட்டல் அதற்கப்புறம் இறங்கவே இல்லை.

சிரிப்பு கேட்கத் தொடங்கியதும் ஊர் முதலில் ஒளித்துப் பார்த்தது. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு அரிந்தார்கள். கிணற்று மோட்டார் ரூமுக்குள் போய் அரிந்தார்கள். தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு அரிந்தார்கள். பழிக்குப் பயந்து குப்பையில் கொட்டினால் கோழி கொத்தி, கோழி சிரித்தது. ஒரு வீட்டில் சிரிப்பு கேட்டால் பக்கத்து வீடு வாயை மூடிக்கொண்டது. மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டால் இந்த வீடு பெருமூச்சு விட்டது. இப்படியே மேலத்தெரு கீழத்தெரு எல்லாம் சிரித்து முடித்த பிறகு, சிரிக்காத வீடென்று ஊரில் ஏதும் மிஞ்சவில்லை. எல்லார் வீட்டிலும் இருப்பதற்குக் குற்றம் என்று யாரும் பேர் வைப்பதில்லை. வழக்கம் என்றுதான் வைப்பார்கள். கதவுகள் திறந்துகொண்டன. வாசலிலேயே உட்கார்ந்து அரியத் தொடங்கினார்கள்.

அப்புறம் அதற்கு மகிமை வந்தது. இளைப்புக்காரர் ஒருவர் அந்த வெங்காயத்தைக் கடித்துச் சிரித்ததில் நெஞ்சுச்சளி கரைந்தது என்றார். பேச்சுவார்த்தை இல்லாத புருசன் பெண்டாட்டி ஆளுக்குப் பாதி தின்று ஒரே நேரத்தில் சிரித்து ராசியானார்கள். ஒருநாள் பெரியண்ணனின் தாயார் செத்த வீட்டில், துக்கம் தாங்கவில்லை என்று ஒன்றை அரிந்து ஆளுக்கொரு கீற்றாகக் கொடுத்தார்கள். பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே சீரங்கன் சிரிப்பைச் சிரித்தது. அதன்பிறகு அது காதுகுத்துக்கும் சீமந்தத்துக்கும் வேண்டியதாயிற்று. பெண் கொடுத்த வீட்டுக்கு மஞ்சள் குங்குமத்தோடு ஒரு வெங்காயம் வைத்துக் கொடுப்பது மரியாதை என்றானது. 'சீரங்கன் வெங்காயம்' என்று பேரும் நிலைத்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். உயிரோடிருந்தபோது அவனைக் கோமாளி என்று பேசியவர்களும், வாடகைக்குக் கூப்பிட்டுக் காசு கொடுக்காமல் இழுத்தடித்தவர்களும், 'நம்ம சீரங்கன் இருக்கானே' என்றுதான் இப்போது பேச்சை ஆரம்பித்தார்கள்.

தவமணி அதையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டாளே தவிரச் சிரிப்பைக் கேட்டதில்லை. அவள் வீடு ஊருக்கு வெளியே, வெங்காயக் காட்டுக்குள் இருந்தது. ரேசன் கடைக்குப் போன ஒரு நாள் ரத்தினத்தின் டீக்கடையைத் தாண்டவேண்டி வந்தது. கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் கூட்டமாக நின்றார்கள். ரத்தினம் சீரங்கனுக்கு உயிர்ச் சிநேகிதன். இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றவர்கள். ரத்தினம் தட்டில் இருந்து ஒரு வெங்காயப் பக்கோடாவை எடுத்துக் கடித்து, நிமிர்ந்து, செல்ஃப் எடுக்காத வண்டிபோல இருமி, சிரித்தான். பல்லிடுக்கில் மாவு. நாக்கில் மென்றது பாதியும் மெல்லாதது பாதியும். உதட்டோரம் எண்ணெய் வழிந்து மோவாய்க்கு இறங்கியது. அந்த வாய்க்குள்ளிருந்து அவள் புருசன் வந்தான்.

"தங்கச்சி, வா வா, உக்காரு" என்றான் ரத்தினம், வாயைத் துடைத்துக்கொண்டு. "பாரு, நம்மாளு எங்கயும் போயிறலை. எந்நேரமும் சந்தோசமா நம்மகூடத்தான் இருக்கறான்."

தவமணி சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். பித்தம் என்றார்கள். யாரோ முதுகைத் தடவ வந்தார்கள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, அரிசிப் பையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள்.

ஏனென்றால் அந்தச் சிரிப்பு எது என்று அவளுக்குத் தெரியும். ஊசிக்கரட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். சந்தோசத்தில் சீரங்கன் சிரித்தால் சத்தமே வராது. கண் இடுங்கி, தோள் மட்டும் குலுங்கி, மூக்கு நுனி வியர்த்து, ஒரு நூல் சத்தமில்லாமல் சிரிப்பான். கல்யாணமான புதிதில், இந்த மனுசனுக்கு ஏதும் இழுப்பு வியாதியோ என்று அவள் பயந்திருக்கிறாள். சத்தமாகச் சிரித்தானென்றால் அவனுக்கு வலிக்கிறது என்று அர்த்தம். கிணற்று மோட்டாரை ஏற்றும்போது கயிறு அறுந்து அது பாதத்தில் விழுந்தபோது அப்படித்தான் சிரித்தான். மூத்திரத்தில் கல் அடைத்துக் கிடந்தபோது வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வலிக்குதுன்னு கத்துனா வலிக்குத் திமிரு ஏறிக்கும் தவமணி" என்றான். இப்போது ஊர் மென்றுகொண்டிருந்தது அதைத்தான். வண்டிக்கடியில் நசுங்கிக் கிடந்தவனின் அந்த ஒரு பொழுதைத் துண்டு துண்டாக நறுக்கி, மாவில் தோய்த்து, எண்ணெயில் போட்டு, சீமந்தத்துக்கும் காதுகுத்துக்கும் பரிமாறிக்கொண்டிருந்தது.

அள்ளிப்போன காய் தீர்ந்துகொண்டு வந்தபோது பெரியண்ணனும் ரத்தினமும் காட்டுக்கு வந்தார்கள். களத்துமேட்டில் மூங்கில் கட்டி ஓலை வேய்ந்த பட்டறைக்குள் விதைக்கென்று அவள் வைத்திருந்த வெங்காயம் தொங்கியது. பெரியண்ணன் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அம்மிணி, ஏரிக்கரை வளைவுல நம்ம சீரங்கனுக்கு ஒரு நினைவு மேடை கட்டலாம்னு ஊரு முடிவு பண்ணியிருக்குது. வருசா வருசம் அந்த நாள்ல எல்லாரும் கூடிச் சிரிக்கறது. விதைக் காயிக்கு உன்ற பட்டறையத்தான் நம்பியிருக்கறோம். அதே காட்டுல வெளைஞ்சது."

"இது உங்களுக்கு ஆகாதுங்க" என்றாள் தவமணி.

"அப்படிச் சொல்லாத. அவன் உனக்கு மட்டுமா சொந்தம்? ஊருக்கே சொந்தம்."

தவமணி பட்டறைக் காயில் ஒன்றை ஏற்கெனவே அரிந்து பார்த்திருந்தாள். கண்ணீர்தான் வந்தது. அவன் பக்கத்தில் ரோட்டில் கிடந்த காய்க்குத்தான் சிரிப்பு. அதை அவர்களிடம் அவள் சொல்லவில்லை. "கூட்டத்துக்கு வந்து பேசறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். கேட்டால் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொண்டால் வாயை மூடுவார்கள் என்று அவள் அப்போதும் நம்பினாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பள்ளிக்கூடத்து மைதானத்தில். பெரிய ஃப்ளெக்ஸில் சீரங்கன் கும்பிட்டுக்கொண்டிருந்தான். உயிரோடிருந்தவரை அவன் யாரையும் அப்படிக் கும்பிட்டதில்லை, வேறு யாருடைய உடம்பிலோ அவன் தலையை ஒட்டியிருந்தார்கள். மைக்கில் ஒவ்வொருவராக வந்து ஸ்டியரிங் கதையைச் சொன்னார்கள். கும்பிடு வாங்கிய பொம்மைக் கதையைப் பெரியண்ணனே சொன்னார். ஆனால் அவர் சொல்லும்போது கும்பிட்டது வேறு யாரோவாக இருந்தது. கடைசியில் தவமணியைக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை. தள்ளி நின்று பேசினாள்.

"அவரு சந்தோசத்துல சிரிச்சா சத்தம் வராதுங்க. இது வலிச்சா சிரிக்கற சிரிப்பு. அன்னைக்கு அவரு உசுரு போகப் போகச் சிரிச்சாரே, அதுதான் உங்க வாயில வருது. நீங்க அள்ளி முடிக்கற வரைக்கும் அவருக்கு வலிச்சிருக்குது. அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயித் தின்னுட்டிருக்கறீங்க. மிச்சம் இருக்கறதைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுத்துருங்க. கையெடுத்துக் கேக்கறேன்."

சில பெண்கள் தலை குனிந்தார்கள். ரத்தினம் தரையைப் பார்த்தான். இப்போது யாராவது எழுந்து வீட்டுக்குப் போய் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள் என்று தவமணி காத்திருந்தாள். பெரியண்ணன் எழுந்து மைக்கைப் பிடித்தார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா? நாமெல்லாம் அவன் சந்தோசத்துல சிரிச்சான்னு நெனைச்சோம். இல்லை. சாவுற வலியிலயும் நாம சங்கடப்படக் கூடாதுன்னு நமக்காகச் சிரிச்சிருக்கறான். இப்பேர்ப்பட்ட மனுசனை எந்த ஊரு பெத்துச்சு?"

ஒருவர் கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். குனிந்த தலைகள் நிமிர்ந்தன. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள், எழுந்து நின்று தட்டினார்கள், ரத்தினமும் தட்டினான். பக்கோடாத் தட்டுகள் வரிசையாக வந்தன. ஈரக் கண்ணோடு எடுத்து வாயில் போட்டார்கள். மைதானம் முழுக்கச் சீரங்கனுக்கு வலித்தது.

தவமணி புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டு இறங்கி நடந்தாள். அவள் போன பாதையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து கும்பிட்டார்கள். தியாகியின் பெண்டாட்டி அல்லவா. ஒருத்தி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் தவமணி அந்தக் காலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் உச்சிவெயிலில் கஸ்தூரி வந்தாள். மடி நிறைய வெங்காயம். வாசலில் நின்றாள். தவமணி வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

"அக்கா, எங்கூட்டுல இருந்தது அவ்வளவும் கொண்டாந்துட்டேன். அவரு கடைக்குன்னு அங்கங்க வாங்கிச் சேர்த்து வெச்சிருந்ததும் இதுல இருக்குது. ஊர்ல இனி யாருகிட்டயும் இல்லீங்க்கா."

"கொட்டு."

கஸ்தூரி கொட்டினாள். சில காய் முளைவிட்டிருந்தது, சில காய் அழுகிக் கையில் பிசுபிசுத்தது. போகாமல் நின்றாள்.

"அன்னைக்கு வண்டிக்கடியில இருந்து சீரங்கண்ணன் எம்பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாருக்கா. கஸ்தூரி, தண்ணீன்னாரு. சிரிச்சுட்டேதான் கேட்டாரு. இதோ அண்ணான்னு சொன்னேன். சொல்லிட்டு இன்னொரு மடி அள்ளீட்டுப் போயிறலாம்னு…"

தவமணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் அரிவாள்மணையை எடுத்துவந்து வாசலிலேயே உட்கார்ந்தாள். முதல் காயை எடுத்து அரிந்தாள். இருமல் வந்தது, பிடித்துக்கொண்டது, அவள் வாய்க்குள் அவள் புருசன் சிரித்தான். ஊரில் எல்லாரும் ஒரு காயோடு நிறுத்தியிருந்தார்கள். ஒரு காய்க்கு ஒரு மூச்சுச் சிரிப்புத்தான். தவமணி நிறுத்தவில்லை. ஒரு சிரிப்பு அடங்கும் முன்பே அடுத்த காயை அரிந்தாள், அழுகலையும் அரிந்தாள், முளையையும் அரிந்தாள். அரிய அரியச் சிரிப்பு ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு, அன்றைக்கு ஏரிக்கரையில் எப்படிப் போயிற்றோ அப்படியே போயிற்று. இடுப்புக்குக் கீழே அவளுக்குப் பாறையாகக் கனத்தது. பாதி வழியில் சிரிப்பு உடைந்து முனகலாயிற்று, மறுபடி வம்படியாக எழுந்தது, மறுபடி உடைந்தது. நடுவில் அவன் பேச்சும் வந்தது. "தவமணி, வண்டி சாஞ்சு நிக்குது. நீ இந்தப் பக்கம் வந்துறாத" என்றது அவள் வாய். அவள் கை நிற்காமல் அரிந்தது. கடைசிக் காய் வந்தபோது சத்தம் நூலாகி, கண் இடுங்கி, உதடு வெடித்து, அந்த வாய் மெதுவாகக் கேட்டது:

"கஸ்தூரி, தண்ணி."

கஸ்தூரி ஓடினாள். வீட்டுக்குள் போய்ப் பானையில் மொண்டு, இறைத்துக்கொண்டு ஓடிவந்து, மண்டியிட்டு, தவமணியின் தலையைத் தாங்கிப் பிடித்துச் சொம்பை உதட்டில் வைத்தாள். தண்ணீர் மடக் மடக்கென்று இறங்கியது. வாங்கிக் குடித்தது அவன். ஒரு சொம்பு முழுக்கக் குடித்து, மூச்சு விட்டு, அடங்கினான். அதற்குப் பிறகு ஊசிக்கரட்டில் எந்த வெங்காயமும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத் தவமணி கண்ணைத் திறந்தாள். தன் தலை கஸ்தூரியின் கையில் இருப்பதைப் பார்த்தாள். அந்தக் கையில் வெங்காய வாடை அடித்தது. எழுந்து, முந்தானையால் வாயைத் துடைத்து, துடைத்த இடத்தை மறுபடியும் துடைத்தாள்.

"அவரு குடிச்சுட்டாரு" என்றாள். "நீ போயிரு. அந்தச் சொம்பையும் எடுத்துட்டுப் போயிரு. இனி அதை என்னால பொழங்க முடியாது."

கஸ்தூரி காலிச் சொம்பை வெறும் மடியில் கட்டிக்கொண்டு, வெயிலில், வந்த வழியே போனாள்.